ஐந்து பேர் எட்டுப் பேரான ஆண்டு

கோத்தகிரிக்கு அருகே குடியிருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. போன ஆவணியில் கொழுந்தனாருக்குத் திருமணமாகி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கார்த்திகையில், பிரசவத்துக்குத் துணையாக இவருடைய அம்மா விருதுநகரிலிருந்து வந்தார். கணவரை இழந்து தனியாக இருந்தவர் என்பதால் இனி இங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. இப்போது வைகாசி. நான்கு வயது மகன் மறுபடி படுக்கையை நனைக்கிறான். ஓரகத்தி அறையை விட்டு வெளியே வருவதே அரிது. அம்மா ஊருக்கே போய்விடுகிறேன் என்கிறார். குழந்தைக்குச் சளி விட்டுவிட்டு வருகிறது. ஆனி பிறந்ததும் இவர் தேயிலைத் தொழிற்சாலை வேலைக்குத் திரும்ப வேண்டும். "எல்லோரையும் மனதார வரவேற்றோம். பிறகும் ஏன் வீட்டில் இப்படி ஒரு இறுக்கம்?" என்று கேட்கிறார்.

அம்மா, நான் கிராம சுகாதாரச் செவிலியராக 31 ஆண்டுகள் இந்த மலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய்க் குழந்தையின் எடையையும் தாயின் உடல்நிலையையும் பார்ப்பது எங்கள் வேலை. அப்படிப் போன இடங்களில், தராசைப் பையில் வைத்துவிட்டு ஒரு தம்ளர் தேநீர் குடிக்கும் நேரத்தில், அந்த வீட்டின் மற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் இங்கே எழுதுவதில் பாதி அந்தத் தேநீர் நேரங்களில் கற்றது.

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். வந்த மூன்று பேரைப் பற்றியும் மகனைப் பற்றியும் அக்கறையோடு விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மாமியாரைப் பற்றி இருப்பது ஒரே வரி: "அத்தை எதுவும் சொல்ல மாட்டார்கள், சிறு வயதில் இலங்கையிலிருந்து வந்தவர்கள், எதையும் தாங்கிக்கொள்வார்கள்." அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து உங்கள் வீட்டை வரைந்து பாருங்கள். ஆவணிக்கு முன் இரவில் யார் எங்கே படுத்தார்கள், இப்போது யார் எங்கே படுக்கிறார்கள் என்று இரண்டு படங்கள் போதும். நீங்கள் எழுதியதிலிருந்து நானே போட்டுப் பார்த்தேன். முன்பு பெரிய அறையில் நீங்கள், கணவர், மகன், கிழக்குச் சன்னல் உள்ள சின்ன அறையில் மாமியார், கூடத்தில் கொழுந்தனார். திருமணம் ஆனதும் சின்ன அறை புதுமணத் தம்பதிக்குப் போயிற்று, மாமியார் கூடத்துக்கு வந்தார். குழந்தை பிறந்ததும் பெரிய அறையில் உங்களோடு உங்கள் அம்மா தங்கினார். கணவரும் மகனும் கூடத்துக்குப் போனார்கள். ஆக, வீட்டில் ஏற்கெனவே இருந்த ஐந்து பேரில் உங்களைத் தவிர நால்வரும் இடம் மாறியிருக்கிறார்கள். அவர்களில் கொழுந்தனார் ஒருவர்தான் மகிழ்ச்சியோடு மாறியவர். மற்ற மூவரையும் யாராவது கேட்டுவிட்டு மாற்றினீர்களா? அன்றைய அவசரத்தில் அது தானாக நடந்திருக்கும். புதிதாக வருகிறவருக்கு ஆரத்தி எடுத்து வாசலில் நின்று அழைக்கிறோம். அவருக்காக நகர்ந்து உட்கார்ந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு நம்மிடம் சடங்கு எதுவும் இல்லை. உங்கள் வீட்டு இறுக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

மகனிடமிருந்து தொடங்குகிறேன். ஐந்து வயது வரை இரவில் படுக்கையை நனைப்பதை மருத்துவர்கள் நோயாகக் கருதுவதில்லை. நின்றுபோயிருந்த பழக்கம் தம்பியோ தங்கையோ பிறந்தபின் திரும்பி வருவதும், மழலையாகப் பேசத் தொடங்குவதும், பால் புட்டி கேட்பதும் மிகச் சாதாரணம். பல வீடுகளில் சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும். சிறுநீர் போகும்போது வலி, காய்ச்சல், அடங்காத தாகம் இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவை இல்லையென்றால் அவனுக்கு மருந்து வேண்டாம். அவன் இழந்தது உங்கள் இடப்பக்கத்தை. நான்கு ஆண்டுகள் உங்கள் கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கிய குழந்தை, ஒரே இரவில் கூடத்துப் பாயில் அப்பாவுக்கும் ஆச்சிக்கும் நடுவில் போய்விட்டான். அவன் படுத்த அறையின் கதவு சாத்தப்பட்டு, உள்ளேயிருந்து வேறொரு குழந்தையின் அழுகை கேட்கிறது.

என் வீட்டிலும் இது நடந்தது. எனக்கு இரண்டாவது மகள் பிறந்த மூன்றாம் வாரத்தில், நள்ளிரவில் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தபோது, என் மூத்த மகன் நிலைப்படியில் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தை மாதக் குளிர்; கால் இரண்டும் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தன. ஊருக்கெல்லாம் குழந்தை வளர்ப்பு சொல்லிக் கொடுத்துவிட்டு வந்த நான், அவனை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், மழை பிடிப்பதற்கு முன் கணவரையும் மகனையும் பெரிய அறைக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். சுவர்ப்பக்கம் குழந்தைக்குத் தனியான தட்டைப் படுக்கை, அடுத்து நீங்கள், உங்களுக்கு மறுபுறம் மகன், அவனை அடுத்துக் கணவர் என்று வரிசை இருக்கட்டும். மகனையும் கைக்குழந்தையையும் அருகருகே படுக்க வைக்க வேண்டாம். தூக்கத்தில் கை கால் மேலே விழும். படுக்கை நனைந்தால், காலையில் எல்லோர் முன்னிலும் அதைப் பற்றிப் பேச்சே எழக் கூடாது. "நீ பெரியவன் இல்லையா" என்ற சொல்லை ஒரு வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள், அது அவனுக்குத் தண்டனையாகத்தான் கேட்கும். நாள்தோறும் பத்து நிமிடம், குழந்தையை வேறு யார் கையிலாவது கொடுத்துவிட்டு, அவனோடு மட்டும் உட்காருங்கள். தங்கச்சிப் பாப்பாவுக்கு இன்று எந்தக் குல்லா என்று தேர்ந்தெடுக்கும் வேலையை அவனிடம் விடுங்கள். சிறிய வேலைதான், ஆனால் அது அவனுடையது.

குழந்தையின் சளிக்கு வருகிறேன். இதில் சற்று அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. உயிரோடு சம்பந்தப்பட்ட செய்தி இதில் இருக்கிறது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மூடுபனியும் சாரலும் சேர்ந்தால் துணி மூன்று நாளானாலும் காயாது. எட்டுப் பேர் வீட்டில் கைக்குழந்தையின் துணியும் சேரும்போது என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும்: கரியடுப்பை மூட்டிக் கூடத்தில் வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்துத் துணியை உலர்த்துவார்கள், குளிருக்கும் ஆயிற்று என்று கதவையும் சன்னலையும் சாத்திவிடுவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையில் அது ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மூடிய அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் விடியும்போது உயிரோடு இல்லை என்ற செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். கைக்குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் அதற்கு நஞ்சு இன்னும் சீக்கிரம் ஏறும்.

ஒரு வீட்டை என்னால் மறக்க முடியாது. பிறந்து 20 நாளான குழந்தையைப் பார்க்கப் போனேன். தட்டியும் கதவு திறக்கவில்லை. நெடுநேரம் கழித்துத் திறந்த பாட்டி, தலை சுற்றுகிறது என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கட்டிலுக்கு அடியில் கணப்புச் சட்டி, கங்கு சாம்பல் பூத்து, பார்ப்பதற்கு அணைந்த மாதிரியே இருந்தது. சன்னலைத் திறந்துவிட்டு, தாயையும் குழந்தையையும் வெளியே கொண்டுவந்து வெயிலில் உட்கார வைத்தோம், மருத்துவமனைக்கு அனுப்பினோம், இருவரும் பிழைத்தார்கள். அணைந்த மாதிரி இருக்கும் கங்கும் நஞ்சைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். துணி உலர்த்தக் கரியடுப்பு வேண்டுமென்றால் வாசல் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விறகடுப்புப் புகையும் சாம்பிராணிப் புகையும் குழந்தைக்கு ஆகாது. உங்கள் அம்மா தலைக்குக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுகிறார் என்றால், விட்டுவிட்டு வரும் சளிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெதுவெதுப்புக்கு வேறு வழி இருக்கிறது. உங்கள் மார்போடு தோலோடு தோலாகக் குழந்தையை அணைத்து, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டால், அதைவிட நல்ல கணப்பு எதுவும் கிடையாது. கணவரும் இதைச் செய்யலாம், செய்யட்டும். நீங்கள் எத்தனை அடுக்குத் துணி உடுத்தியிருக்கிறீர்களோ அதைவிட ஓர் அடுக்கு கூட இருந்தால் குழந்தைக்குப் போதும். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாமல், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் துணி அதிகம். குளியல் பதினொரு மணிக்கு மேல், வெயில் ஏறியபின் இருக்கட்டும். சாரல் நாளில் துடைத்துவிட்டால் போதும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இரவானாலும் காத்திராமல் 108க்கு அழைத்துவிடுங்கள்.

உரைமருந்து கொடுக்கலாமா என்பதில் உங்கள் அம்மாவுக்கும் மாமியாருக்கும் மனத்தாங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம். வசம்பும் சாதிக்காயும் உரைத்துக் கொடுப்பதை நான் எந்த வீட்டிலும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு வயது வரை தேனும் கூடாது. ஆனால் இதை அம்மாவிடம் சொல்லும்போது, அவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்றைக் கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள். மூன்று தலைமுறைக் குழந்தைகளைக் குளிப்பாட்டிய கை அது. குளிக்கும் முன் இளஞ்சூட்டு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது குழந்தைக்கு நல்லது. அந்த வேலை முழுக்க அவருடையதாக இருக்கட்டும். கண்ணுக்கு மை இட வேண்டாம், திருஷ்டிக்கு உள்ளங்காலில் வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் அம்மாவின் பிரச்சினையைக் குளிர் என்ற ஒரே சொல்லில் நீங்கள் எழுதிவிட்டீர்கள். குளிர் உண்மைதான். குளிரில் முழங்கால் இறுகும், இரத்த அழுத்தம் ஏறும், தாகம் தெரியாததால் தண்ணீர் குறைந்து மலச்சிக்கல் வரும். அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ அவர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். மாத்திரை வீட்டுக்கே வரும், படிகள் ஏறி இறங்க வேண்டாம். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொன்றுதான் என்னை நிறுத்தியது: வந்த புதிதில் அம்மா வடித்த சோறு நடுவில் அரிசியாகவே இருந்தது என்றும், அன்றிலிருந்து அவர் அடுப்படிக்கே வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா, நம் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். விருதுநகரில் நாற்பது ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டு பதம் பார்த்த கைக்கு, இங்கே கொதிக்கிற தண்ணீரே பொய் சொல்கிறது. அவர் கையில் பிழை இல்லை, மலையின் கணக்கு வேறு. அரிசியை அரை மணி நேரம் ஊற வைக்கவும், குக்கரில் ஒரு விசில் கூட விடவும், இட்லி மாவைக் கம்பளியில் சுற்றி அடுப்புத் திண்டில் வைத்துப் புளிக்க விடவும் அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். சொல்லிக் கொடுக்கச் சரியான ஆள் உங்கள் மாமியார். சம்பந்தியம்மாவுக்கு மாமியார் கற்றுக் கொடுப்பதும், பதிலுக்கு விருதுநகர்ப் புளிக்குழம்பைக் கற்றுக்கொள்வதும் ஓர் அடுப்படியில் நடந்துவிட்டால், உரைமருந்துச் சண்டை தானாகச் சிறுத்துவிடும்.

மேலும், சமவெளியிலிருந்து வருகிற முதியவர்களுக்கு இங்கே மனிதர்கள் கிடைப்பதில்லை. அங்கே திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே வந்து பேசும். இங்கே அடுத்த வீடு இருபது படி கீழே இருக்கும். அங்கே இருப்பவர்கள் தங்களுக்குள் படுகர் மொழியான படுகு பேசுவார்கள், நன்றாகத் தமிழும் பேசுவார்கள், ஆனால் புதியவருக்குப் போய்ப் பேச்சைத் தொடங்கத் தயக்கமாக இருக்கும். இருட்டினால் காட்டெருமையும் கரடியும் தோட்டத்துக்கு வருகின்றன என்று ஆறு மணிக்கே கதவைச் சாத்துகிறோம். எட்டுப் பேரும் அந்த நேரத்திலிருந்து ஒரே கூடத்தில். பகல் பதினோரு மணி வெயிலில் அவரை யாராவது ஒரு வீட்டுக்காவது அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். இந்த ஆண்டு விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அவர் போனாரா? குழந்தை மூன்று மாதம் என்று போகாமல் இருந்திருப்பார். ஊர் வீட்டை இப்போதே விற்கவோ வாடகைக்கு விடவோ வேண்டாம். அடுத்த பங்குனிக்கு அவர் போய் வர இப்போதே சொல்லி வையுங்கள். திரும்பிப் போக ஒரு வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால் முதியவர்கள் இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருப்பார்கள்.

ஓரகத்தியைப் பற்றி நீங்கள் கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆவணியில் வந்தார். ஐப்பசியில் அவருக்குத் தலைத்தீபாவளி. அப்போது நீங்கள் ஏழு மாதம் கடந்த கர்ப்பிணி, வீட்டின் கவனம் முழுவதும் உங்கள் மேல். கார்த்திகையில் உங்கள் அம்மா, மார்கழியில் குழந்தை. புதுப்பெண் என்று வீடு அவரைக் கொண்டாட வேண்டிய மாதங்கள் பிரசவ வேலைகளில் கரைந்துவிட்டன. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் குழந்தையைக் கொஞ்சிவிட்டுத் திரும்பி, "உனக்கு ஒன்றும் விசேஷம் இல்லையா?" என்று அவரைக் கேட்டிருப்பார்கள். கேட்காத ஊர் இந்தத் தமிழ்நாட்டில் இல்லை. அறைக் கதவு சாத்தியிருப்பதற்கு இது போதும். அவர் மாமியாரின் அறையில் இருக்கிறோம் என்ற கூச்சமும் சேர்ந்திருந்தால் நான் வியப்படைய மாட்டேன். அடுத்த முறை அந்தக் கேள்வி வரும்போது நீங்களே முந்திக்கொண்டு, "அவளை விடுங்கள், அவள் இப்போதுதானே வந்திருக்கிறாள்" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஆடியில் தாய்வீட்டார் அழைத்துப் போக வருவார்கள். பதினெட்டாம் பெருக்கு வரை அவர் காவிரிக்கரையில் இருந்துவிட்டு வரட்டும். வேலைக்கு ஆள் குறைகிறதே என்று தடுக்க வேண்டாம்.

அந்த வேலைக் கணக்கு உங்களை அழுத்துகிறது என்பது தெரிகிறது. 26 வார ஊதிய மகப்பேறு விடுப்பு, மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தால் கிடைத்தது. அதற்கு முன் 12 வாரத்தில் மார்பில் பால் கட்டிக்கொண்டு இலை பறிக்கத் திரும்பிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் திரும்பும்போது குழந்தைக்கு ஆறு மாதம் நெருங்கியிருக்கும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். பாலைப் பீய்ச்சி மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் வைத்தால், சாதாரண அறையில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாளும் கெடாது. புட்டி வேண்டாம், பாலாடையிலோ சிறு கிண்ணத்திலோ கொடுக்கட்டும். வேலைக்குப் போவதற்குப் பத்து நாள் முன்பே இதைப் பழக்குங்கள். முதல் நாள் பாட்டியிடம் குடிக்க மறுத்துக் குழந்தை அழுதால் வீடே பதறிவிடும். ஆறு மாதம் முடிந்ததும் குழையப் பிசைந்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த கேரட், உருளைக்கிழங்கு என்று தொடங்கலாம். நல்ல காய்க்கு நம் மலையில் குறைவில்லை.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்புப் பதிவு 21 நாளுக்குள் முடிந்திருக்கும். குழந்தையின் பெயரை ஓர் ஆண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பெயர் வைப்பதில் இரு வீட்டாருக்கும் இழுபறி என்றால் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி முதல் இரண்டு பேறுகளுக்கு உண்டு. கர்ப்பத்தைப் பதிந்தபோது கிடைத்த உங்கள் பிக்மி எண்ணோடு செவிலியரைக் கேளுங்கள். குடும்ப அட்டையில் ஓரகத்தி, குழந்தை, அம்மா மூவரையும் சேர்க்க வேண்டும். அம்மாவையும் ஓரகத்தியையும் முன்பிருந்த அட்டைகளில் நீக்கினால்தான் இங்கே சேரும். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா ஊசி, வைட்டமின் ஏ திரவம். அது புரட்டாசியில் வரும், நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இனி உங்கள் அத்தை. 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இலங்கைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதினார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் இந்த மலையில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் அவர்களுடைய லயன் வீடுகளுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, நான் போயிருக்கிறேன். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். வந்த பெண்களில் பலர் சிறுமிகள். யார் வந்தாலும் பாயைச் சுருட்டி நகர்ந்து இடம் கொடுத்து வளர்ந்தவர்கள். உங்கள் அத்தை "எதுவும் சொல்ல மாட்டார்கள்" என்பதன் பொருள் இதுதான். இடம் போகும்போது பேசாமல் நகர்வது அவருக்குச் சிறு வயதிலேயே பழகிவிட்டது. தாங்கிக்கொள்கிறார் என்பதை வலிக்கவில்லை என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தச் சின்ன அறைதான் அவர் வாழ்நாளில் முதன்முதலாகக் கதவு போட்டுத் தூங்கிய தனி அறையாக இருக்கக்கூடும். கிழக்குச் சன்னலில் காலை வெயிலில் அவர் தலை உலர்த்துவார் என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தீர்கள். மகனுக்குக் கல்யாணம் என்றதும் அவராகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார் என்றும், அதைப் பெருமையாகவே குறிப்பிட்டிருந்தீர்கள். அறையைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது இப்போது நடக்காது. கணவரும் மகனும் பெரிய அறைக்குப் போய்விட்டால் கூடத்தில் இரண்டு பெரியவர்களுக்கும் இடம் இருக்கும். நடுவில் ஒரு பலகைத் தடுப்போ திரையோ போட்டு, இரண்டு கட்டில், இரண்டு பெட்டி, இரண்டு கம்பளி என்று தனித்தனியாக்குங்கள்; பொதுவில் எதுவும் வேண்டாம். கட்டில் செய்ய ஆள் வருவதற்கு முன் நீங்களும் உங்கள் கணவரும் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் அறையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டோம் அத்தை" என்று சொல்லுங்கள். அவர் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். சொல்லட்டும். பிறகு, கூடத்தில் எந்தச் சன்னலுக்கு அடியில் தன் கட்டில் வர வேண்டும் என்பதை முதலில் அவரையே காட்டச் சொல்லுங்கள். மிச்ச இடத்தில் உங்கள் அம்மாவுடையது வரட்டும்.